நூல் பிரித்த தடம்

"உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருக்கிறதா?" என்று அந்த அம்மா கேட்டார். தங்கச்சி தமிழில் சொல்வதற்கு முன்பே எனக்கு விளங்கிவிட்டது. "இல்லை" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த போர்வைக்கு நகர்ந்தார். நடந்தது இவ்வளவுதான். ஆனால் அந்த "இல்லை" என்னை விடவில்லை. வகுப்பில் பிள்ளைகளுக்குப் பொத்தான் தைக்கக் காட்டும்போது, கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கும்போது, இரவில் லைற்றை நிறுத்திய பிறகு என்று நேரகாலம் பார்க்காமல் வந்து நின்றது. நான் சொன்னது பொய். அதைவிடக் கரைச்சல், அது பாதி உண்மையும்கூட.

இடம், ஒன்ராறியோவில் ஒரு சின்ன ஊர். தங்கச்சி 2004 இல் கலியாணம் கட்டி ஸ்காபரோவுக்குப் போனவள். 2023 இல் ஒரு மாதம் அவளிடம் போய் நின்றேன். நான் மனைப்பொருளியல் படிப்பிக்கிற ஆள், துணியும் நூலும்தான் எனக்கு உலகம் என்பது அவளுடைய எண்ணம். ரொறன்ரோ நகருக்குள்ளேயே 1975 இல் தொடங்கிய கனடா துணி அருங்காட்சியகம் இருக்கிறது. ஆனால் நகருக்குள் கார் நிறுத்தக் கொடுக்கிற காசுக்கு ஒரு சேலையே எடுக்கலாம் என்று சொல்லி, வீதியோரப் பலகையில் கண்ட இந்தச் சின்ன இடத்துக்குக் கூட்டிப்போனாள். மூன்று அறைகள். சம்பளம் இல்லாமல் வந்து நிற்கும் நாலைந்து வயதான பெண்கள். சுவரெல்லாம் குவில்ற். தமிழில் ஒட்டுப்போர்வை என்று வைத்துக்கொள்வோம். மேலே துண்டு துண்டாகச் சேர்த்த துணி, நடுவில் பஞ்சு, கீழே முழுத்துணி, மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிற தையல். அறை அரை இருட்டாக இருந்தது. கரண்ட் இல்லையாக்கும் என்று நினைத்தேன். பிறகுதான் சொன்னார்கள், பழந்துணிக்கு 50 லக்ஸ் வெளிச்சத்துக்கு மேல் காட்டக்கூடாதாம். எங்கள் ஊர் உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரும். அதில்தான் கூறைச்சேலைகளைக் கொடியில் போட்டுக் காயவைத்து வளர்ந்தோம்.

மூன்றாவது அறையில்தான் அது இருந்தது. 1930களின் போர்வை, நீலப் பூ, மஞ்சள் கட்டம், சின்னச் சின்னச் செர்ரிப்பழங்கள். அந்த அம்மா ஒரு பூதக்கண்ணாடியைத் தந்து ஓர் ஓரத்தைக் காட்டினார். வரிசையாக ஊசித் துளைகள். இது கடையில் வாங்கிய துணி இல்லை, மாவும் கோழித்தீவனமும் வந்த சாக்கு என்றார். சாக்கைத் தடித்த நூலால் சங்கிலித் தையல் போட்டு மூடியிருப்பார்கள். சரியான நுனியைப் பிடித்து இழுத்தால் முழுத் தையலும் ஒரே இழுவையில் கழன்று வரும். அந்த நூலைக்கூட விடாமல் உருண்டையாகச் சுற்றி வைத்துப் பின்னல் வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். துளை மட்டும் துணியில் நின்றுவிடும். ஒரு பழந்துணி முன்பு சாக்காக இருந்ததா என்று சந்தேகம் வந்தால் இவர்கள் தேடுவது அந்தத் துளை வரிசையைத்தான். 100 இறாத்தல் சாக்கு ஒன்றைப் பிரித்தால் ஒரு யார், அதாவது ஒரு கஜத்துக்குச் சற்றுக் கூடத் துணி கிடைக்கும். பெண்கள் சாக்கில் சட்டை தைக்கிறார்கள் என்று கண்ட கொம்பனிகள் சாக்கிலேயே பூவும் கோடும் அச்சடித்து, தங்கள் பெயரைக் கழுவினால் போகிற மையில் போட்டு விற்கத் தொடங்கின. ஒரு சட்டைக்கு மூன்று சாக்கு வேண்டும். அதனால் தீவனம் வாங்கப் போகிற புருசனிடம் அதே பூவில் பார்த்து எடுத்துவரச் சொல்லிவிடுவார்களாம். அந்தக் காலத்துப் புருசன்மார் கடையில் நின்று பூப் பார்த்ததை நினைத்துச் சிரித்தோம்.

பிறகுதான் அந்தக் கேள்வி. எங்கள் அம்மம்மா கோதுமை மா வந்த வெள்ளைச் சாக்கைக் கொதிநீரில் அவித்துத் தலையணை உறை தைத்தவர். அதைச் சொல்லியிருக்கலாம், அந்த அம்மா சந்தோசப்பட்டிருப்பார். ஆனால் அந்த நேரம் எனக்குள் ஓடியது வேறு. இவர்கள் சாக்கை உடுப்பாக்கியிருக்கிறார்கள். நாங்கள் சேலையைச் சாக்காக்கினோம்.

திரும்பி வரும்போது காரில் தங்கச்சி கேட்டாள்: "அக்கா, அம்மான்ர கூறை இருந்திருந்தா உந்த மனிசிக்குக் காட்டியிருக்கலாம் என்ன? அது எங்கை இப்ப?"

"இடம்பெயரேக்க விட்டிட்டம்" என்றேன்.

மணல் நிற்காது

கடைசிச் சண்டையில் அந்தக் கடற்கரையில் இருந்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. இல்லாதவர்களுக்குச் சொன்னாலும், மண்ணைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன். கிளிநொச்சிப் பக்கம் மண் இறுகியது. வெட்டினால் சுவர் நிற்கும், மேலே மரக்குற்றி அடுக்கி மண் போட்டால் பங்கர், குண்டுக்குப் பதுங்குகிற குழி. 2009 மாசியில் மாத்தளன், வலைஞர்மடம் என்று முல்லைத்தீவுக் கடற்கரைக்குத் தள்ளப்பட்டபோது காலுக்குக் கீழே கிடந்தது கடல்மணல். வெட்ட வெட்டச் சரியும். ஒரு பக்கத்தை அள்ளினால் மறுபக்கம் வந்து மூடும். குற்றிகளும் கிடைக்கவில்லை. மணலை நிறுத்த ஒரே வழி அதை மூட்டையாகக் கட்டி அடுக்குவது. உரப்பைகள் கெதியாக முடிந்துவிட்டன. பிறகு சேலைகள்.

யார் முதலில் தொடங்கினார்களோ தெரியாது. ஒருநாள் விடிய எழும்பிப் பார்த்தால் பக்கத்துத் தறப்பாளுக்கு முன்னால் பச்சை மணிப்புரிச் சேலை மூட்டை மூட்டையாகச் சுவராக நின்றது. இரண்டு மூன்று நாளில் கரை முழுக்க நிறம். ஊதா, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், சரிகைக் கரைகள் வெயிலில் மினுங்கின. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுதாமல் விட்டாலும் பொய்யாகிவிடும்: அது வடிவாக இருந்தது. பெண்கள் கலியாணத்துக்கும் சாமத்திய வீட்டுக்கும் கோயிலுக்கும் உடுத்து, பிறகு றங்குப்பெட்டியில் பூச்சி உருண்டை போட்டுப் பத்திரமாக வைத்திருந்த சேலை எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே வந்திருந்தன. அத்தனை நல்ல சேலையை ஒன்றாக நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை.

என்னிடம் ஒரு கைமெசின் இருந்தது. விசுவமடுவிலிருந்து சைக்கிள் கரியரில் கட்டி, ஒவ்வொரு இடமாக உருட்டிக்கொண்டு வந்தது. சனம் சேலையோடு வந்து நின்றது. கூலி வாங்கவில்லை. வாங்கியும் என்ன செய்வது, அரிசி விற்ற விலைக்கு. நாளெல்லாம் கைபிடியைச் சுற்றினேன். நூல் முடிந்த பிறகு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். அம்மா தன் கூறையை வெளியே எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. 1973 இல் கட்டிய கூறை, அரக்குச் சிவப்பு. ஒரு பின்னேரம் அவரே கொண்டுவந்து மெசினுக்கு முன்னால் வைத்து "தை" என்றார். சரிகை இரண்டு ஊசியை முறித்தது. ஐந்து மூட்டை வந்தது. எங்கள் பங்கர் வாசலில் அதைத்தான் அடுக்கினோம். சித்திரையில் முள்ளிவாய்க்கால் பக்கம் நகர்ந்தபோது மண்ணைக் கொட்டிவிட்டுச் சேலையை எடுத்துவர நேரம் இருக்கவில்லை. அம்மா அதைப் பற்றிப் பிறகு ஒருநாளும் கதைக்கவில்லை. 2015 இல் அவர் போய்விட்டார். தங்கச்சிக்கு நாங்கள் யாரும் சொல்லவில்லை. அந்தக் கூறையை உடுத்துப் பார்க்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவள் அவள்.

சண்டை முடிந்த பிறகு தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்தது. கிளிநொச்சியில் விழுந்து கிடந்த தண்ணீர்த்தாங்கிக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள். புதுக்குடியிருப்பில் பிடிபட்ட ஆயுதங்களை வரிசையாக வைத்து ஒரு காட்சிக்கூடமே நடந்தது. இரும்புக்கும் கொங்கிறீற்றுக்கும் பார்வையாளர் இருந்தார்கள். துணியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. துணி உக்கிவிடும். கடற்கரை ஈரத்திலும் உப்பிலும் சேலை எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கும் என்று நான் கணக்குப் பார்த்திருக்கிறேன். அந்தக் கணக்கை இங்கே எழுதவில்லை.

சேலை நாள்

கனடாவிலிருந்து ஊருக்கு வந்த பிறகு, அந்தக் குவில்ற் பெண்கள் என்னென்ன செய்கிறார்கள் என்று தேடி வாசித்தேன். நெப்ராஸ்கா மாநிலத்து லிங்கன் நகரில் சர்வதேச குவில்ற் அருங்காட்சியகம் என்று பெரிய ஒன்று இருக்கிறது. 1997 இல் ஒரு தம்பதி கொடுத்த கிட்டத்தட்ட 950 போர்வைகளோடு தொடங்கியது. அது எங்கள் கைக்கு எட்டாது. என்னைப் பிடித்தது வேறு இரண்டு. ஒன்று, பதிவு நாள். 1981 இல் கென்ரக்கி மாநிலத்தில் தொடங்கிய பழக்கம் அது. போர்வையைப் பறித்து வைப்பதில்லை. ஊர்ச்சனம் தங்கள் வீட்டுப் போர்வையைக் கொண்டுவரும். அளந்து, படம் எடுத்து, யார் தைத்தது, யாருக்குத் தைத்தது என்று எழுதிக்கொண்டு, பின்னேரம் அவரவர் கையில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கென்ரக்கியைப் பார்த்து மற்ற மாநிலங்களும் ஒவ்வொன்றாகச் செய்தன. மற்றது, கட்டில் பிரிப்பு. ஒரு கட்டிலில் போர்வைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்துவிட்டு, மேலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டிக்கொண்டே அதனதன் கதையைச் சொல்வது. கண்ணாடிப் பெட்டியும் வேண்டாம், சுவரும் வேண்டாம். இரண்டு வாங்கை ஒன்றாகப் போட்டுப் பாய் விரித்தால் எங்கள் ஊரிலேயே நடத்தலாம்.

நடத்தினேன். 2024 ஆவணியில், எங்கள் மாதர் சங்கக் கட்டடத்தில், ஒரு சனிக்கிழமை. முதலில் "பதிவு நாள்" என்றே அறிவித்தேன், ஒருவரும் அசையவில்லை. வன்னியில் பதிவு என்றால் ஒன்று நிவாரணம், இல்லாவிட்டால் விசாரணை. "என்ன தருவினம் ரீச்சர்?" என்று கேட்டவர்கள் பாதி, "ஆர் ரீச்சர் கேக்கினம்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டவர்கள் பாதி. "சேலை நாள்" என்று மாற்றி, பிளேன்ரீயும் உழுந்து வடையும் உண்டு என்று சொன்ன பிறகு சரி வந்தது. கட்டடத்துத் தகரத்தில் ஆணித்துளைகள் நிறைய. வெயில் காசு காசாக விழுந்து சேலைகளின்மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. 50 லக்ஸ் அம்மா பார்த்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்.

27 துணிகள் வந்தன. ஐந்து பிள்ளைகள் தூங்கிய ஏணைச் சேலை ஒன்று, நடுவில் சல்லடையாகத் தேய்ந்து. வற்றாப்பளை அம்மனுக்கு நேர்ந்த பட்டு, இன்னும் சாத்தவில்லை. ஐ.நா. அகதிகள் அமைப்பின் யு.என்.எச்.சி.ஆர். எழுத்துப் போட்ட தறப்பாளில் தைத்த பள்ளிக்கூடப் பை. அதைக் கொண்டு போனவன் இப்போது பல்கலைக்கழகத்தில். ஆடைத் தொழிற்சாலைக்கு விடிய ஐந்தரை மணி பஸ்ஸில் போகிற ஒரு பிள்ளை, வெட்டி எறிகிற துண்டுகளில் தைத்த கால்மிதி நாலு கொண்டுவந்தாள். மிதிக்க மனம் வராத வேலைப்பாடு. எங்களிடம் ஒட்டுப்போர்வை இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அதுவும் வந்தது. சண்டை முடிய எங்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் நுளம்புக்கும் பனிக்கும் பிள்ளையை மூட, பழஞ்சேலை, சாறம், கிழிந்த சட்டை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நூலோடியது. கொண்டுவந்தவர் மன்னிப்புக் கேட்கிற குரலில் "கந்தைதான் ரீச்சர்" என்றார். வங்காளத்தில் இதே வேலையைக் காந்தா என்கிறார்கள். பழஞ்சேலைகளை அடுக்கி, அந்தச் சேலையின் கரையிலிருந்தே இழை உருவித் தைப்பார்கள். காந்தாவும் எங்கள் கந்தையும் ஒரே வடசொல்லிலிருந்து வந்தவை. காந்தா இன்று உலகத்து அருங்காட்சியகங்களில் தொங்குகிறது. கந்தைக்கு நாங்கள் கொடுத்தது ஒரு பழமொழி, அதிலும் கசக்கிக் கட்டு என்ற கட்டளை. அவருக்கு இதைச் சொன்னேன். "அப்ப கழுவாமலே வச்சிருந்திருக்கலாம்" என்றார்.

படிவத்தில் ஒரு பிழை விட்டுவிட்டேன். அந்தப் பதிவு நாள் படிவத்தைப் பார்த்துத் தமிழில் எழுதியபோது "பாவித்தவர் பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு" என்று அப்படியே போட்டுவிட்டேன். ஒரு அம்மா ஒரு சேட்டைக் கொண்டுவந்தார். பொலித்தீன் பையில், கழுவாமல். மகனுடையது. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சிக் கந்தசாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டத்துக்குக் குந்திய நாளிலிருந்து போய்வருகிற அம்மா அவர். எனக்கு உதவிக்கு நின்ற பத்தாம் வகுப்புப் பிள்ளை, பாவம், வரிசைப்படி கேட்டுக்கொண்டே போய் மூன்றாவது கேள்வியையும் கேட்டுவிட்டாள். அந்த அம்மா கோபிக்கவில்லை. பேனையை வாங்கி, அந்தக் கட்டத்தைத் தானே மெதுவாக வெட்டினார். நான் மற்ற எல்லாப் படிவத்திலும் போய் அதை வெட்டினேன். அலபாமாவில் ஜீஸ் பெண்ட் என்கிற ஒரு ஆற்றுவளைவுக் கிராமத்தில், மிசூரி பெற்வே என்ற கறுப்பினப் பெண் 1942 இல், இறந்துபோன புருசனின் வேலை உடுப்புகளைக் கிழித்துப் போர்வை தைத்தார். அவரை நினைக்க, அதன்கீழ் படுக்க. அந்த ஊர்ப் போர்வைகள் 2002 இல் ஹூஸ்ரனிலும் நியூயோர்க்கிலும் சுவரில் ஏறின, 2006 இல் தபால் முத்திரையாகவும் வந்தன. பெற்வேயின் போர்வைப் படத்தைப் போனில் வைத்திருந்தேன், சேட்டுக் கொண்டுவந்த அம்மாவுக்குக் காட்டலாம் என்று நினைத்திருந்தேன். காட்டவில்லை. சேட்டைக் கிழித்துப் போர்வையாக்க, முதலில் அது இனி அவனுக்குத் தேவைப்படாது என்று தெரியவேண்டும். சேட்டைக் கட்டிலில் விரிக்கவில்லை. அவர் மடியிலேயே இருந்தது.

இருபது நிமிசம்

கட்டில் பிரிப்புப் பின்னேரம் தொடங்கியது. சேலைகளைப் புரட்டப் புரட்டக் கதை வந்தது, நடுவில் சண்டை வந்தது, சிரிப்பு வந்தது. யாருடைய சாமத்திய வீட்டில் யார் எந்தச் சேலையோடு வந்து யாரைக் கடுப்பேற்றினார்கள் என்பதெல்லாம் பதிவாகிவிட்டது. மூலையில் ஒரு ஆச்சி காலையிலிருந்து ஒன்றும் பேசாமல் இருந்தார். மகளோடு வந்தவர். மகள் 2019 இல் தன் பிள்ளையின் சாமத்திய வீட்டுக்கு எடுத்த மயில்நீலப் பட்டைக் கட்டிலில் வைத்திருந்தாள். "ஆச்சி, நீங்கள் ஒண்டும் கொண்டரேல்லையோ?" என்று யாரோ கேட்டார்கள்.

"என்ர எல்லாம் மாத்தளனில மண்ணுக்க கிடக்கு" என்றார்.

வளர்ந்தவர்கள் அடங்கிப்போனார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விளங்கவில்லை. பெரும்பாலும் 2009 இல் பிறந்தவர்கள், இரண்டொருவர் அதற்கும் பிறகு. ஒருத்தி "மண்ணுக்க எப்பிடி ஆச்சி?" என்று கேட்டாள். ஆச்சி எழும்பி வந்து, மகளின் மயில்நீலச் சேலையை இழுத்து எடுத்தார். "அம்மா, அது என்ர சேலை" என்று மகள் பதறினாள். "கிழிக்கேல்லை, காட்டத்தான்" என்று சொல்லிவிட்டு என்னிடம் ஊசி கேட்டார். நூல் நீட்டினேன், வாங்கினார். ஒரு யார் அளவு முழங்கையால் அளந்து இரண்டாக மடித்தார். ஒரு கரையில் தொடங்கி, பெரிய பெரிய ஓட்டமாக நூலோடினார். கண் தையலில் இல்லை. வாய் கதைத்துக்கொண்டிருந்தது. வொயில் சேலை மண்ணை விடும், அது சரிவராது. நைலெக்ஸ் வழுக்கும், அடுக்க நிற்காது. பட்டுத்தான் திறம். ஒரு சேலையில் ஐந்து வரும், ஆறாவதுக்குக் காணாது. வாய்ப்பக்கம் ஒரு சாண் விடவேண்டும், முடிய. முழுக்க நிரப்பக்கூடாது, முக்கால்வாசிதான், நிரப்பினால் உருளும்.

"தலகாணி உறை மாதிரி" என்றாள் ஒரு பிள்ளை.

"ஓம். அதே மாதிரித்தான்" என்றார் ஆச்சி. பிறகு, ஊசியை நிறுத்தாமல், என்னைப் பார்க்காமல் சொன்னார்: "உங்கட மெசினடியில நானும் வந்து நிண்டனான் ரீச்சர். மூண்டு சேலையோட. நூல் இல்லை எண்டனீங்கள். பிறகு என்ன, சேலைக் கரையிலயே இழை உருவிக் கையாலதான் தைச்சனான். இரவிரவா."

அவர் குறையாகச் சொல்லவில்லை. அன்றைக்கு மழை பெய்தது என்பதுபோலச் சொன்னார். எனக்குத்தான் காது அடைத்துக்கொண்டது. ஏனென்றால் நூல் இருந்தது. ஒரு கட்டை நூல் மட்டும், மெசின் பெட்டிக்குள், துணியில் சுற்றி. அம்மா என்றைக்காவது கூறையை எடுத்துத் தருவார் என்று எனக்குத் தெரியும். அதற்காக ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்கு இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எத்தனை பேருக்குச் சொன்னேன் என்று எண்ணவில்லை. முகங்களும் நினைவில்லை. இந்த முகமும் நினைவில்லை.

மூட்டை முடிந்தது. கட்டிலின் நடுவில், மயில்நீலத்தில், சரிகைக் கரை பக்கவாட்டில் ஓட, வெறும் மூட்டை. பிள்ளைகள் உள்ளே கைவிட்டுப் பார்த்தார்கள். அந்த நேரம் எனக்கு வந்த யோசனையை ஒளிக்காமல் எழுதுகிறேன். இதுதான் வேண்டும் என்று நினைத்தேன். இதை வைத்திருந்தால் வன்னியில் ஒரு துணி அருங்காட்சியகத்துக்கு முதல் பொருள் இதுதான். கண்ணாடிப் பெட்டி, அரை வெளிச்சம், கீழே ஒரு சிட்டை, எல்லாம் தலைக்குள் வந்துவிட்டது. மகளிடம், "தங்கச்சி, இந்தச் சேலைக் காசை நான் தாறன், இதை இப்பிடியே வைப்பம்" என்றேன். மகள் விலையை யோசிக்கிற முகத்தோடு தாயைப் பார்த்தாள்.

"உங்களுக்கென்ன விசரே ரீச்சர்? நல்ல சேலையெல்லோ" என்றார் ஆச்சி. ஊசி முனையால் முடிச்சைக் கிளப்பி, நூலை இழுத்தார். பெரிய ஓட்டம், தடங்கலில்லாமல் வந்தது. வந்த நூலை விரலில் சுற்றி, தன் இடுப்புச் சுருக்குப்பைக்குள் வைத்துக்கொண்டார். சேலையை உதறி, மடித்து, மகளின் கையில் கொடுத்தார். இருபது நிமிசம் இருந்திருக்கும் அந்த மூட்டை. ஒருவரும் படம் எடுக்கவில்லை. எடுக்கத்தான் அந்தப் பிள்ளைகளை நிறுத்தியிருந்தேன்.

அதற்குப் பிறகு வன்னிக்கு ஒரு துணி அருங்காட்சியகம் வேண்டுமா என்று என்னைக் கேட்டால் எனக்கு ஒரே பதில் வருவதில்லை. சில நாள் வேண்டும் என்று படுகிறது; 27 படிவங்கள் ஒரு கோப்புக்குள் கிடக்கின்றன, கறையான் வந்தால் அதுவும் இல்லை. 2018 மார்கழி வெள்ளத்தில் ஒரு இரவில் எத்தனை றங்குப்பெட்டி போனது என்று ஊருக்கே தெரியும். சில நாள், ஆச்சி நூலை இழுத்த வேகத்தை நினைத்தால், நான் கேட்டதே பிழை என்று படுகிறது. அந்த நூல்கட்டையைப் பற்றி அவருக்கு நான் இன்னும் சொல்லவில்லை. இரண்டு தரம் அவர் வீட்டுப் படலை வரைக்கும் போனேன்.

அப்புறம், போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானப் பூசையில் அந்த மகளைக் கண்டேன். மயில்நீலப் பட்டு உடுத்திருந்தாள். என்னைக் கண்டதும் முந்தானையைத் தூக்கிக் காட்டி, "பாருங்கோ ரீச்சர், அம்மா செய்த வேலையை. பதினெண்ணாயிரம் குடுத்து எடுத்த சேலை, ஓட்டை வடிவாத் தெரியுது" என்று சலித்துக்கொண்டாள். தெரிந்தது. பட்டில் ஊசி போன இடம் இலேசில் மூடாது. தண்ணீர் தொட்டு நகத்தால் இரண்டு பக்கமும் நீவிவிட்டால் குறையும் என்று வகுப்பில் நானே படிப்பிக்கிறேன். அதைச் சொல்வதற்கு முன், ஒரு படம் எடுக்கட்டா என்று கேட்டேன். வெளி மண்டபத்தில் வெயிலுக்கு நேரே முந்தானையைப் பிடித்தாள். ஒரு சாண் நீளத்தில் பதினாறு துளைகள் எண்ணினேன்.

படத்தைத் தங்கச்சிக்கு அனுப்பினேன். அங்கே விடிய நாலு மணி, அவள் வேலைக்கு வெளிக்கிடுகிற நேரம். உடனே பதில் வந்தது: "ஐயோ நல்ல சேலை. பூச்சி அரிச்சதா அக்கா?"

"இல்லை, தையல் பிரிச்ச இடம்" என்று எழுதினேன். பிறகு கோயில் கிணற்றடிக்கு வந்து, அவளை அழைத்தேன்.